நெஞ்சுக்கு ஆறு எழுத்து

ஒன்பது இருபது. பன்னெண்டு மணிக்கு மீட்டிங். நடுவுல ரெண்டு மணி நேரமும் நாப்பது நிமிஷமும் கெடக்கு. அதுக்குள்ள ஒரு பொம்பளை, ஒரே ஒரு பொம்பளை, அந்தத் திரையில இருக்க என் வார்த்தையை விரலால தொட்டாப் போதும். இந்த ஆஸ்பத்திரி இரும்பு நாற்காலி என்னா குளிரு குளிருது. உக்காந்தா முதுகு பிடிக்கும், எந்திரிச்சா இடுப்பு பிடிக்கும், சும்மா வந்தவளும் டோக்கன் போட்டு டாக்டரைப் பாத்துட்டுத்தான் போகணும்னு வாங்கிப் போட்டிருக்காங்க போல. எதிர்ல பத்தடியில, வாசலை ஒட்டி நிக்கு அந்தத் தொடுதிரை, ஆள் உசரத்துக்கு. உள்ள வாரவங்க பேரு, வயசு, என்ன செய்யுதுன்னு அதுல தொட்டுக் காட்டினாத்தான் டோக்கன் வரும். அதுல தெரியுத எழுத்து பூரா நான் எழுதினது. இங்கிலீஷ்ல இருந்ததை ஒவ்வொண்ணா எடுத்துத் தமிழாக்கினது. பூரான்னா பூரா, மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு சரம். திரையில வார ஒவ்வொரு துண்டு வாசகத்துக்கும் எங்க தொழில்ல சரம்னு பேரு. பாளையங்கோட்டை மார்க்கெட்டுல பிச்சிப்பூ சரம் வாங்கினா தலையில வச்சுக்கிடலாம், வாசம் உண்டு. என் சரத்துக்கு வாசமும் கெடையாது, கட்டினவ பேரும் கெடையாது. எவனோ எழுதினான்னுகூட யாரும் நினைக்க மாட்டாங்க, பொட்டி தானா பேசுதுன்னு நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போறாங்க. எனக்கு வேண்டியது ஒரு விரல்.

பாக்க மட்டும்தான், பேசக் கூடாது. இது நிவேதன் போட்ட சட்டம். நிவேதன் மெட்ராஸ் ஆபீஸ்ல இந்த மென்பொருளுக்குத் தலைவன், வயசு இருபத்தொம்பது, என்னை விடப் பதினேழு வயசு சின்னவன், ஆவுடையம்மாள்னு முழுசாச் சொல்ல வாய் வராம ஆவு மேடம் ஆவு மேடம்பான், மாட்டைக் கூப்பிடுத மாதிரி. "நீங்க ஹெல்ப் பண்ணா டேட்டா கெட்டுடும் மேடம். சும்மா உக்காந்து நோட்ஸ் எடுங்க, போதும்." சரிப்பா. போன மாசம் இதே நாற்காலியில உக்காந்து அந்தச் சட்டத்தை அப்படியே காப்பாத்தினேன். காப்பாத்தின லட்சணம். மெரூன் சேலை. கையில மஞ்சப் பை. அம்பது வயசு இருக்கும். திரையில 'எங்கே வலிக்கிறது?'ன்னு கேள்வி, கீழ வரிசையாப் பெட்டி, தலை வலி, மார்பு வலி, வயிற்று வலி, முதுகு வலி. அவ விரலு மார்பு வலிக்கு நேரா போச்சு. போயி அந்தரத்துல நின்னுச்சு. தொட்டா அந்தப் பொட்டி ஹாலுக்கே கேக்க வாய்விட்டுச் சொல்லும், நீங்கள் தேர்ந்தெடுத்தது இன்னதுன்னு. அவளுக்கு முன்னால நின்னவங்களுக்கெல்லாம் சொன்னதைக் கேட்டிருக்காளே. திரும்பிப் பாத்தா, பின்னால நாலு ஆம்பளைங்க. முந்தானையை இழுத்து மூடினா. விரலைக் கீழ எறக்கி வயிற்று வலியைத் தொட்டா. டோக்கன் எம்பத்தாறு, பொது வரிசை. நான் நோட்டுல எழுதினேன், பயனர் ஏழு, பெண், தயக்கம், நாலு நொடி. எழுதிட்டுப் பேனாவை மூடினேன். எளவு, பேனாவை மூடினேன்! யக்கா, உனக்கு எங்க வலிக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் வாயில இருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? ஒண்ணரை மணி நேரம் கழிச்சு, அந்தா அந்த மூணாவது நாற்காலியில இருந்து சரிஞ்சா. சிஸ்டர் ஜெபராணி ஓடி வந்து தூக்கி, வேர்த்துக் கெடந்தவளை ஆம்புலன்ஸ்ல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு சிஸ்டருக்கும் தெரியல. நானும் மூணு தடவை கேட்டுட்டேன். அவ பேரு கூட எனக்குத் தெரியாது. பயனர் ஏழு.

ஒன்பது முப்பத்தஞ்சு. ஒரு அண்ணாச்சி தொடுதாரு. காய்ச்சல். அவரு போனதும் ஒரு பிள்ளைத்தாச்சி, அவ நேரா மகப்பேறுக்குப் போயிட்டா. மார்புன்னா பொம்பளைக்கு என்னன்னு நிவேதனுக்குப் புரிய வைக்கதுக்குள்ள என் தாவு தீந்து போச்சு. ஆம்பளைக்கு அது தட்டையா ஒரு இடம், சட்டையைக் கழட்டிட்டுத் தெருவுல நிக்கலாம். பொம்பளைக்கு அந்த வார்த்தை வேற ஒண்ணைச் சொல்லும். நாலு ஆம்பளை நிக்க இடத்துல ஒரு பொட்டி உரக்கக் கத்தி அதைச் சொன்னா எவ தொடுவா? நான் தொடுவேனா? மாட்டேன். எந்தப் பொம்பளையாவது வாயால மார்பு வலிக்குன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நெஞ்சு வலிக்குன்னுதான் சொல்லுவா, நெஞ்சு அடைக்கும்பா, நெஞ்சைப் பிடிக்கும்பா. அதைச் சொன்னதுக்குத்தான் சொற்பட்டியல் பாக்க அறவாழி ஐயா, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லுன்னு முத்திரை குத்துத பெரியவரு, கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாரு. வீடியோ காலுக்கும் அவரு சால்வையோடதான் வருவாரு. "நெஞ்சு என்பது உள்ளம், மனம் எனவும் பொருள் தரும், அம்மா. உடலுறுப்புக்கு மார்பு என்பதே ஐயமற்ற சொல்." நான் கேட்டேன், ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு வலிச்சா உங்க கிட்ட எப்படிச் சொல்லுவாங்கன்னு. அவரு கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டினாரு. அப்புறம், "அது பேச்சு வழக்கு"ன்னாரு. "நோவு பேச்சு வழக்குலதானய்யா வருது, இலக்கணத்துலயா வருது?"ன்னுட்டேன். வாய் கொஞ்சம் கூடிப் போச்சு. போகட்டும், வேணும்.

அப்புறம் நிவேதன் கணக்கெடுத்த பட்டியலைத் திரையில போட்டான். மார்பு வலியைத் தொட்ட ஆண்கள் முப்பத்தொண்ணு. பெண்கள் சைபர். ஒரு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பொம்பளைங்க அந்தப் பக்கத்துக்கு வந்திருக்காங்க, ஒருத்தி தொடல. அவன் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டே சொல்லுதான், "லேடீஸ்க்கு செஸ்ட் பெயின் கம்மியா இருக்கலாம்ல மேடம்?" அட கோட்டிக்காரா! எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் திரைக்குள்ள கையை விட்டு அவன் காதைத் திருகி இருப்பேன். பயனர் ஏழைச் சொன்னேன். நாலு நொடியைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு, ஆபீஸ் மீட்டிங்குல அழுத பொம்பளைன்னு பேரு வாங்கக் கூடாதுன்னு கேமராவை அணைச்சுட்டேன். அவன் நல்ல பையன்தான், தப்புச் சொல்லக் கூடாது. அப்புறம் சொன்னான், திங்கள், செவ்வாய், புதன், மூணு நாள் இந்த ஒரு ஆஸ்பத்திரியில மட்டும் உங்க வார்த்தையைப் போட்டுப் பாப்போம், பொம்பளைங்க தொட்டா வச்சுக்கலாம், இல்லேன்னா சொற்பட்டியல் சொல்லுத மார்புதான், ஏன்னா புதன் மதியம் பன்னெண்டு மணி மீட்டிங் முடிஞ்சதும் இந்த மென்பொருள் முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரே நேரத்துல போகுது, போன பிறகு ஒரு வருஷத்துக்கு ஒரு எழுத்தைத் தொட முடியாது. மார்பை எடுத்துட்டு நெஞ்சைப் போட்டேன். பெட்டியில எடம் பத்துமான்னு பாத்தா, கம்ப்யூட்டர் கணக்குல மார்புக்கும் ஆறு எழுத்து, நெஞ்சுக்கும் ஆறு எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியா எண்ணும் அந்தச் சவம். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இன்னைக்குப் புதன்.

பத்து மணி. திங்கக்கிழமை ஆம்பளை ரெண்டு பேரு தொட்டாங்க, நேத்து ரெண்டு பேரு. பொம்பளை, சைபர். சைபர்னு என் போன்ல தெரியுது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க எடுத்துப் பாக்கேன், பாக்கப் பாக்க அது அப்படியே உருண்டையா உக்காந்திருக்கு. ஒருவேளை நான்தான் தப்போ? ஒருவேளை வெக்கம் வார்த்தையில இல்லாம அந்த எடத்துலயே இருக்கோ? இந்த வேலையில நான் சரியா இருந்த தடவையை விடத் தப்பா இருந்த தடவைதான் அதிகம், அதையும் ஒத்துக்கிடணும். முதல் மாசம் என்ன நடந்தது? இங்கிலீஷ்ல பேக்னா பின்னால போ, பேக்னா முதுகு. ரெண்டுக்கும் சேத்து ஒரே சரம்தான் அனுப்பியிருந்தான் ப்ரணவ், அந்த புரோகிராம் எழுதுத பையன். உடம்பு உறுப்பு வரிசையில வந்ததால நான் முதுகுன்னு எழுதிட்டேன். விடிஞ்சு பாத்தா ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில பெரிய பொத்தான், முதுகு. முந்தின பக்கத்துக்குப் போகணுமா, முதுகைத் தொடு. ஒரு தாத்தா தன் முதுகைத் தடவிக்கிட்டே அந்தப் பொத்தானைத் தேடித் தேடித் தொட்டாரு, தொட்ட ஒவ்வொரு தடவையும் அது அவரை முந்தின பக்கத்துக்குத் தள்ளிவிட்டுது, பாவம், அஞ்சு தடவை வயசை எழுதினாரு. "இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதானே மேடம்?"னான் ப்ரணவ். ஆமாடா, இங்கிலீஷ்காரனுக்குத் திரும்பிப் போறதும் முதுகும் ஒண்ணு, எங்களுக்கு வேற வேற. ரெண்டாப் பிரிச்சுத் தாங்கன்னு ஒரு வாரம் சண்டை. பிரிச்சான். 'திரும்பு' தனி, 'முதுகு' தனி. அந்தச் சண்டையில நான் ஜெயிச்சேன்லா. அதை நினைச்சுக்கிடணும். தோத்ததை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா எப்படி.

இன்னொண்ணு நினைப்புக்கு வருது, இப்ப எதுக்கு வருதோ. திருமண நிலைன்னு ஒரு கேள்வி, அதுல சிங்கிள்னு ஒரு பதிலு. பட்டியல்ல 'திருமணமாகாதவர்'. நானும் அதையே போட்டேன், எனக்கென்ன, நானே அந்த ஜாதிதானே. பெட்டி சின்னது. பாதி எழுத்து வெட்டுப்பட்டு, 'திருமணமா' வரைக்கும் நின்னு, மூணு புள்ளி. திருமணமா... எங்க சித்தி சித்தப்பா, பக்கத்து வீட்டு மைனி, கல்யாண வீட்டுல மோர் ஊத்துதவன் வரைக்கும் இருபது வருஷமா என்னைக் கேட்ட அதே கேள்வியை நானே கைப்பட எழுதிப் பொட்டிக்குள்ள வச்சிருக்கேன். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்புறம் 'தனிநபர்'னு மாத்தினேன். அறவாழி ஐயா அதுக்கு முத்திரை குத்திட்டாரு. தனிநபர். நல்லாத்தான் இருக்கு. கம்பீரமா இருக்கு. யாரும் எதுவும் ஆகாமப் போனதா அதுல இல்ல.

பத்து இருபத்தஞ்சு. ஒரு பொம்பளை வாரா, பச்சை சேலை, நடுத்தர வயசு, மூச்சு வாங்குது. எனக்கு உடம்பெல்லாம் காதாயிட்டு. வா, வா, வந்து தொடு. திரை கேக்குது, எங்கே வலிக்கிறது. அவ விரலு மேல போகுது. ஆண்டவனே, நெஞ்சா இருக்கட்டும், நெஞ்சா இருக்கட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தது தலை வலி, அப்படின்னு பொட்டி சொல்லுது. எனக்குப் பொசுக்குன்னு ஆயிட்டு. அந்த ஏமாத்தம் அடங்குததுக்குள்ள நான் என்ன நினைச்சேன்கிறது எனக்கே உறைச்சுது. ஏ சண்டாளி! ஒருத்திக்கு நெஞ்சு வலி வரணும்னு சாமியைக் கும்பிட்டுட்டு உக்காந்திருக்கியா? அவளுக்குத் தலைவலின்னதும் உனக்கு வருத்தமா? நீ மனுசிதானா? ஒரு வார்த்தை ஜெயிக்கதுக்கு ஒரு உசுரு துடிக்கணுமா உனக்கு? நோட்டை மூடி மடியில வச்சேன். இல்ல, நான் அப்படிக் கேக்கல. நான் கேட்டது என்னன்னா, வலி இருந்தா, ஏற்கெனவே இருந்தா, அதைச் சொல்லதுக்கு அவளுக்கு வாய் வரணும். அதுதான் கேட்டேன். அதுதானா கேட்டேன்? ரெண்டும் கலந்துதான் கேட்டேன், பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஜெயிக்கணும்னும் இருக்கு. இருபத்தோரு வருஷமா மத்தவன் எழுதினதை மாத்தி எழுதிக்கிட்டுக் கெடக்கேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் வார்த்தை நிக்கணும்னு ஆசை இருக்கு. இருந்துட்டுப் போட்டும். அந்தப் பச்சை சேலைக்குத் தலைவலி சீக்கிரம் சரியாகட்டும்.

பத்து அம்பது. ஹால்ல கூட்டம் கூடிட்டு. டெட்டால் வாசம், யாரோ கொண்டாந்த இட்லிப் பொட்டலத்து வாசம். சிஸ்டர் ஜெபராணி தன் மேஜையில உக்காந்து பேரு பேராக் கூப்பிடுதாங்க. மேஜைக்கு மேல சின்னதா ஒரு சிவப்பு விளக்கும் மணியும் இருக்கு. நெஞ்சு வலிப் பெட்டியைத் தொட்டா மட்டும் அது அடிக்கும், சிவப்பு டோக்கன் வரும், வரிசை கிரிசை ஒண்ணும் கெடையாது, நேரா உள்ள. நிவேதன் கிட்ட இருந்து மெசேஜ், "அப்டேட்?" நான் பதில் போடல. என்னத்தப் போட? வாசல்ல ஒரு அக்கா வாரா. அம்பத்தஞ்சு இருக்கும். கையில ஒயர் கூடை, கூடைக்குள்ள இருந்து பீடி இலை துருத்திக்கிட்டு நிக்கு, பீடி சுத்தி ஒப்படைக்கப் போற வழியில வந்திருப்பா. கூடையைத் தரையில வச்சா. வச்சவ குனிஞ்சவாக்குல அப்படியே கொஞ்ச நேரம் நின்னா. கூடையை வச்சவ எதுக்கு அவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கணும்? அவ நெத்தியைப் பாக்கேன். வேர்வை. ஃபேன் ஓடுது, எனக்கு நாற்காலி குளிருது, அவளுக்கு வேர்க்கு. மெரூன் சேலையும் இப்படித்தான் வேர்த்துக் கெடந்தா. அது சரிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது.

இவ திரைக்கு முன்னால நிக்கா. பின்னால அஞ்சு ஆம்பளைங்க, மூணு பேரு கைவிரல்ல பீடிக் கறை, ஒருத்தன் பைக் சாவியைச் சுத்திக்கிட்டு நிக்கான். பேரு பக்கம் போச்சு, வயசு பக்கம் போச்சு. எங்கே வலிக்கிறது. இவ கண்ணைச் சுருக்கிப் பாக்கா. பாக்கா. பாத்துக்கிட்டே இருக்கா. ஒரு நொடி. ரெண்டு. விரலு மேல போகுது. மூணு. அந்தரத்துல நிக்கு. நாலு. ஐயோ அதே நாலு. அவ திரும்பப் போறா, பின்னால பாக்கப் போறா, முந்தானையை இழுக்கப் போறா. அஞ்சு. விரலு கீழ எறங்குது, வயித்துக்கு நேரா எறங்குது. நான் எந்திரிச்சுட்டேன். நோட்டு கீழ விழுந்துட்டு. டேட்டா கெட்டா கெட்டுப் போட்டும், கம்பெனி என்னைத் தூக்கினாத் தூக்கட்டும், இன்னொரு பயனர் ஏழை நான் எழுத மாட்டேன், ஏ யக்கான்னு வாயைத் தொறந்துட்டேன், சத்தம் வரதுக்குள்ள பைக் சாவிக்காரன் முந்திக்கிட்டான். "சட்டுன்னு அமுக்கும்மா, நேரமாகுதுல்லா." இவ திரும்பிப் பாத்தா. பாத்து, கொஞ்சம்கூட அசராம, "பொறும்யா, படிக்கேம்லா"ன்னா! சொல்லிட்டுத் திரைக்கு இன்னும் கிட்டப் போயி, மூக்கு ஒட்டுத அளவுக்குப் போயி, எழுத்தெழுத்தாக் கூட்டுதா. "த-லை. தலை இல்ல. நெ... நெஞ். நெஞ்சு. நெஞ்சு வலி. ஆங், நெஞ்சுதான், நெஞ்சுதான் அடைக்கி காலையில இருந்து." ஹாலுக்கே கேக்கச் சொல்லுதா! ஒளிக்கல, மறைக்கல, முந்தானை எங்க கெடக்குன்னு கூடப் பாக்கல. தொட்டா. பொட்டி சொல்லிச்சு, நீங்கள் தேர்ந்தெடுத்தது நெஞ்சு வலி. மணி அடிச்சுது.

மணி அடிக்கி! மூணு நாளா பொம்பளை கை பட்டு அடிக்காத மணி அடிக்கி! அடுத்த பக்கம் வந்துட்டு, 'இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கிறதா?' அதுவும் என்னதுதான், அதுவும்! இங்கிலீஷ்ல ரேடியேட்னு இருந்ததுக்கு மொழிபெயர்ப்பு எந்திரம் எழுதிக் குடுத்திருந்தது 'வலி கதிர்வீசுகிறதா'ன்னு, சூரியன் மாதிரி. அதை அடிச்சுத் தூரப் போட்டு நான் எழுதினது இழுக்கிறதா. இந்த ஊர்ல வலி இழுக்கத்தான் செய்யும். "ஆமா, இழுக்கு"ன்னு வாயாலயும் சொல்லி விரலாலயும் ஆம்னு தொட்டா. சிவப்பு டோக்கன் நாக்கை நீட்டுததுக்கு முன்னாலயே சிஸ்டர் ஜெபராணி வந்துட்டாங்க, அந்தக் கனத்த உடம்பை வச்சுக்கிட்டு எப்படித்தான் பறந்தாங்களோ. சக்கர நாற்காலி. "நடக்காதீங்கம்மா, உக்காருங்க, பேசாதீங்க." "என் கூடை, யம்மா, என் கூடை." கூடையை நான் எடுத்தேன். நான் எடுக்கலாமா கூடாதான்னு நிவேதன் சட்டத்துல இல்ல. எடுத்துக் கொண்டு போயி ஈசிஜி ரூம் வாசல்ல நிக்கேன். கதவு சாத்திட்டு. பீடி இலை வாசம் என் கையெல்லாம். போன்ல பாத்தேன். பெண்கள், ஒண்ணு. உருண்டை போயி நெட்டுக்குத்தலா ஒரு கோடு. ஒண்ணு!

சந்தோஷப்படலாமா? இன்னும் கூடாது. கதவு தொறக்கட்டும். மெரூன் சேலையும் இப்படி ஒரு கதவுக்குள்ளதான் போனா. ஆனா அவ ஒண்ணரை மணி நேரம் கழிச்சுப் போனா, இவ ஒரு நிமிஷத்துல போயிட்டா, அந்த எம்பத்தொம்பது நிமிஷம் யாரு குடுத்தது? அறவாழி ஐயா, உங்க பட்டியலா குடுத்தது? இல்ல இல்ல, வம்பு இப்ப வேண்டாம். நெஞ்சு. நெ, ஞ், சு. எத்தனை தடவை டைப் அடிச்சிருப்பேன், இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு உடம்பு இருக்குன்னு தெரியுது. என் நெஞ்சு இந்த அடி அடிக்கி, நானே போயி தொட்டு ஒரு டோக்கன் எடுக்கணும் போல இருக்கு. பதினொண்ணு பத்து. பதினொண்ணு இருபது. நிவேதன் மறுபடியும், "மேடம், ஆர் யூ தேர்?" இருக்கேம்ப்பா, இங்கதான் நிக்கேன், கூடையோட. பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குக் கதவு தொறந்துச்சு. சிஸ்டர் ஜெபராணி முகத்தைத்தான் முதல்ல பாத்தேன். அந்த முகம் சிரிக்கி. "அட்டாக்தான். தொடக்கத்துலயே பிடிச்சாச்சு. மருந்து ஏத்தியாச்சு, வலி குறைஞ்சிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில ஆளு ரெடியா இருக்காங்க. டாக்டர் சொல்லுதாரு, சரியான நேரத்துக்கு வந்தீங்கம்மான்னு. இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வச்சிருந்தா..." அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். அழுதேன். கேமரா இல்லாத எடம், அழுதா என்ன?

நிவேதனுக்கு ரெண்டே வார்த்தை அடிச்சேன், 'நெஞ்சு நிக்கட்டும்.' அடிச்சிட்டு, அது அவனுக்கு வேற மாதிரிப் புரிஞ்சுறக் கூடாதேன்னு பதறி, 'வார்த்தையைச் சொல்லுதேன்'னு இன்னொண்ணு அடிச்சு, நடந்ததையும் நாலு வரியில எழுதினேன். பதில் வந்துச்சு, "முப்பத்தெட்டுலயும் அதான் மேடம். அறவாழி சார் லைன்ல இருக்கார். அவரே பட்டியல்ல மாத்திக்கறேன்னுட்டார்." அதுக்குக் கீழ இன்னொரு வரி, "வீட்டம்மாவும் நெஞ்சுன்னுதான் சொல்வாங்களாம்." எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. சிரிச்சுக்கிட்டே திரும்பினா, ஸ்ட்ரெச்சர் வருது, ஹால் நடுவுல வழி விட்டு நிக்கு கூட்டம், பைக் சாவிக்காரன் சாவியைச் சட்டைப்பையில போட்டுட்டு ஓரமா நிக்கான். நான் ஓடிப் போயி கூடையை அவ காலு பக்கத்துல வச்சேன். அவ முகம் வெளுத்திருக்கு, ஆனா கண்ணு நல்லாத் தெளிவா இருக்கு. சிஸ்டர் பேசாதீங்கன்னு சொல்லச் சொல்லக் கேக்காம, திரைப் பக்கம் கையைக் காட்டிச் சொல்லுதா, "இந்தப் பொட்டியில நம்ம பேச்சு மாதிரியே எழுதிப் போட்டிருக்கான் தாயி. எவன் பெத்த பிள்ளையோ. அந்த மகராசன் நல்லா இருக்கணும்."

மகராசனா? இருபத்தோரு வருஷம், மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு சரம், பேரு இல்லாமக் கெடந்தாச்சு, அது பரவால்ல, அது பழகிட்டு. ஆனா மகராசனா! பாக்க மட்டும்தான், பேசக் கூடாது. போடா நிவேதா. "மகராசன் இல்ல யக்கா, மகராசி!" நான் போட்ட சத்தத்துல ஹால் பூரா திரும்பிப் பாக்கு. "நான்தான் எழுதினேன். நான்தான்!" அவ என்னை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தா. உதட்டோரம் லேசாச் சிரிச்சா. "நீயா? நல்லா இரு தாயி." ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டப் போகுது, தலையை மட்டும் தூக்கிப் பின்னால பாத்துச் சொல்லுதா, "அடுத்த தடவை எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு. கண்ணு தெரியாம நான் பட்ட பாடு!" அடி ஆத்தா, அந்த அஞ்சு நொடி! வெக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல, எழுத்து சின்னது! கீழ கெடந்த நோட்டைப் பொறுக்கிக்கிட்டே வாசல் வரைக்கும் ஓடினேன். "போட்டுருதேன் யக்கா, இன்னைக்கே போட்டுருதேன்." பன்னெண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.